சாட்சிக் கூண்டும் கூத்து மேடையும்

1982ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், பேராயர் ரொமேரோ எல் சால்வதோரில் திருப்பலி நிறைவேற்றுகையில் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டாண்டு நிறைவுற்ற அன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்துத் தூசான் நகரிலுள்ள சவுத்சைட் பிரெஸ்பிட்டேரியன் ஆலயம் தன்னை அடைக்கல ஆலயம் என வெளிப்படையாக அறிவித்தது. எல் சால்வதோரிலும் குவாத்தமாலாவிலும் நடந்த உள்நாட்டுப் போருக்குத் தப்பி, உரிய ஆவணமின்றி எல்லை கடந்து வந்தோர்க்கு ஆயர் ஜான் ஃபைஃபும் அவர் சபையாரும் கதவைத் திறந்தனர். அதன்பின் அந்நாட்டு ஆலயங்கள் பலவற்றில் ஒரு காட்சி வழக்கமாயிற்று. கண்கள் மட்டும் தெரியும்படி கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்ட ஒருவர் சபையின்முன் நிற்பார்; தம் ஊரில் நேர்ந்த படுகொலையை ஸ்பானிய மொழியில் சொல்வார்; அருகில் நிற்பவர் மொழிபெயர்ப்பார்; சபையார் கண் கலங்குவர்.

முகத்தை மறைத்த காரணம் வெளிப்படை. பிடிபட்டால் நாடு கடத்தப்படுவார். ஊரில் எஞ்சியிருக்கும் உறவினர்க்கும் கேடு விளையும். அந்த அச்சம் வீண் அச்சமும் அன்று. அரசு அனுப்பிய ஒற்றர்கள் ஒலிப்பதிவுக் கருவியை உடைக்குள் மறைத்துக்கொண்டு அச்சபையாரின் கூட்டங்களில் புகுந்தனர். 1985 சனவரியில் பதினாறு பேர்மீது குற்றச்சாட்டு வெளியாயிற்று. 1986 மே முதல் நாளில் அவர்களுள் எட்டுப்பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. சாட்சி கூறியவன் முகத்தை மறைத்து நின்றான். கேட்டவருள் ஒருவனோ காதை மறைத்து வைத்திருந்தான்.

இவ்வடைக்கல இயக்கத்தின் துணிவை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. அதில் ஈடுபட்ட சபைகளும் அகதிகளும் தொடுத்த வழக்கே 1991இல் ஓர் உடன்பாட்டில் முடிந்து, அவ்விரு நாட்டாரின் விண்ணப்பங்கள் மீண்டும் விசாரிக்கப்பட வழிசெய்தது. ஆயினும் இயக்கத்தின் தீரத்தைப் போற்றுகிற நாம், அது கையாண்ட கலைவடிவத்தைக் கேள்விக்கு உட்படுத்தாமல் விட்டுவிடுகிறோம். சாட்சி என்பதும் ஒரு கலைவடிவமே. அதற்கு மேடை உண்டு, அவையினர் உண்டு, எதிர்பார்க்கப்படும் தொடக்கமும் முடிவும் உண்டு.

அவ்வடிவம் எங்கிருந்து வந்தது? ஒரு பாதி திருச்சபையிலிருந்து வந்தது; மறுபாதி விசாரணை அறையிலிருந்து. 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டப்படி அடைக்கலம் கோருபவர், இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் பொருட்டுத் தாம் துன்புறுத்தப்படுவதாக மெய்ப்பிக்கவேண்டும். பசி அந்த ஐந்தில் இல்லை. 2005இல் வந்த சட்டமோ, கதையின் மையத்தைத் தொடாத சிறு முரண்பாடுகூட ஒருவரை நம்பாமைக்குப் போதுமான காரணமாகலாம் என்றது. 1984இல் எல் சால்வதோரியருடைய விண்ணப்பங்களில் நூற்றுக்கு மூன்றுகூட ஏற்கப்படவில்லை. இத்தகைய அறையில் தன் வாழ்வைச் சொல்பவன் என்ன செய்வான்? முரண்களை வெட்டுவான், நகைப்புக்குரியதை மறைப்பான், தான் செய்த தவற்றை விழுங்குவான், துன்பத்தை வரிசைப்படுத்துவான். பின்னர் அதே கதையை ஆலயத்திலும் சொல்வான். அங்கே நீதிபதியின் இடத்தில் நாம் அமர்ந்திருக்கிறோம். எத்தகைய அகதி சபைகளின்முன் பேசத் தக்கவர் என்பது குறித்துச் சிகாகோவிலிருந்த அடைக்கலக் குழுவினர்க்கும் தூசானியர்க்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்ததற்கும் இதுவே வேர். அரசியலைத் தெளிவாக எடுத்துரைக்க வல்லவர் பயன்மிக்கவராகவும், பேசத் தெரியாதவர் வெறும் சுமையாகவும் தோன்றக்கூடிய ஆபத்து இவ்வடிவத்திலேயே பதுங்கியிருந்தது.

நம் சபைகளில் சாட்சி கூறும் முறையை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. இன்ன நோய், இன்ன மருத்துவர் கைவிட்டார், இன்ன நாளில் செபம், இன்ன சுகம் என்னும் ஒழுங்கு நமக்கு மனப்பாடம். ஒழுங்கில் அடங்காத வாழ்வுக்கு அங்கே இடமில்லை.

வாழ்வைச் சொல்ல வேறொரு வடிவமும் உண்டு என்பதை அந்நாட்டு ஏழைக் கூலிகள் சபைகளின் துணையின்றியே கண்டுகொண்டனர். 1965 செப்டம்பரில் கலிபோர்னியாவின் டெலானோ நகரைச் சுற்றியிருந்த திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். சீசர் சாவெஸ் தலைமையிலிருந்த மெக்சிகோ வழித் தொழிலாளர் எட்டு நாள் கழித்து அதில் சேர்ந்தனர். அவ்வாண்டே லூயிஸ் வால்டெஸ் என்னும் இளைஞர் அவர்களைக் கொண்டு ‘எல் தெயாத்ரோ கம்பெசினோ’, அதாவது உழவர் அரங்கு, என்னும் குழுவை அமைத்தார். மேடை என்று ஒன்று இல்லை. திறந்த லாரியின் தளமே மேடை. எழுதி வைத்த நாடகமும் தொடக்கத்தில் இல்லை. அன்று மறியலில் நடந்ததை அன்றிரவே நடித்துக் காட்டினர். ‘முதலாளி’, ‘வேலைநிறுத்தக்காரன்’, ‘கருங்காலி’ என்று எழுதிய அட்டை ஒவ்வொரு நடிகர் கழுத்திலும் தொங்கும். அட்டையை மாற்றினால் ஆளும் மாறிவிடுவான். நம் தெருக்கூத்தில் வேடம் தரித்தவன் திரைக்குப்பின் நின்று வர, கட்டியக்காரன் அவனை ‘யார்’ என்று கேட்டுச் சபைக்கு அறிவிக்கிறானே, அதன் வேலையை அங்கே ஓர் அட்டைத்துண்டு செய்தது. 1966இல் தொழிலாளர் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு நடைப்பயணம் சென்றபோது, வழியில் தங்கிய ஊர்தோறும் இரவில் இக்குழு நடித்தது.

இக்குழுவின் முதற் படைப்புகளில் ஒன்று முதலாளியின் இரு முகங்களைப் பற்றியது. மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைக் கூலி ஒருவன் கொடிமுந்திரி கவாத்துச் செய்கிறான். பன்றி முகமூடி அணிந்த முதலாளி வந்து, பெரும் செல்வத்தின் கவலைகளைச் சொல்லிப் புலம்பி, கவலையற்ற கூலி வாழ்வே இனிது என்கிறான். பேச்சு முற்றி இருவரும் முகமூடியையும் அட்டையையும் மாற்றிக்கொள்கின்றனர். மாற்றியதும் முதலாளியின் காவலாளே தன் எசமானை அடையாளம் காணாமல் அவனைக் கூலியென்று அடித்து இழுத்துச் செல்கிறான். அடிபடும் முதலாளி தொழிற்சங்கத்தைத் துணைக்கு அழைக்கிறான்! கூலியோ வீட்டையும் நிலத்தையும் திருப்பித் தந்துவிட்டுச் சுருட்டை மட்டும் தனக்கென வைத்துக்கொள்கிறான். ஒரு மனிதனுக்கும் மற்றவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முகமூடியின் கனமே என்பதை விளக்க நாம் எத்தனை அருளுரை ஆற்றுகிறோம்! இங்கே அது சிரிப்பாக வெளிப்படுகிறது. சாட்சிக் கூண்டில் நிற்பவனுக்குச் சிரிக்க உரிமையில்லை. சிரித்தால் அவன் துன்பம் மெய்யன்று எனக் கருதிவிடுவர்.

எனினும் இவ்வரங்கின் பெருமையைப் பேசுவோர் ஒன்றை மூடிவிடுகின்றனர். கழுத்தில் ‘கருங்காலி’ அட்டை தொங்கியவன் நாடகத்துக்கு வெளியே யார்? பல வேளைகளில் அவன் ஆவணமின்றி எல்லை கடந்து வந்தவன். வேலைநிறுத்தத்தை முறிக்க முதலாளிகள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவன். 1974இல் சாவெஸின் தொழிற்சங்கம் இத்தகையோரைக் குடியேற்றத் துறைக்குக் காட்டிக்கொடுக்கும் இயக்கம் ஒன்றையே நடத்தியது. அரிசோனா எல்லையில் சங்கத்தார் தாமே காவல் நின்று வருவோரைத் தடுத்தனர். உழவர் அரங்கு 1967இலேயே சங்கத்தைவிட்டுப் பிரிந்துவிட்டதால் இப்பழி அதைச் சாராது. ஆயினும் அட்டை எழுதும் கலைக்கு உள்ள இடர் இதில் தெரிகிறது. ஒருவனை நகைப்பால் விடுவிக்கும் அதே அட்டை மற்றொருவனை வில்லனாக முத்திரை குத்தும். யார் கையில் எழுதுகோல் இருக்கிறது என்பதே கேள்வி.

எழுதுகோல் கைமாறியதைக் காண நாம் ஏறத்தாழ நாற்பதாண்டு கடந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தெருமுனைகளுக்கு வரவேண்டும். கட்டுமானப் பொருள்கள் விற்கும் பெருங்கடைகளின் வாயிலில் விடியுமுன்னரே ஆட்கள் கூடுகின்றனர். வண்டி ஒன்று வந்து நிற்கும், இருவர் வேண்டும், மூவர் வேண்டும் என்பர், ஏறிக்கொள்வர். மாலையில் கூலி கொடாமல் இறக்கிவிடப்பட்டாலும் முறையிட அஞ்சுவர். அங்குள்ள கார்னர்ஸ்டோன் நாடகக் குழுவின் மைக்கேல் ஜான் கார்செஸ் இம்முனைகளில் பழகி எழுதிய ‘லோஸ் இல்லீகல்ஸ்’ என்னும் நாடகம் 2007இல் நிகழ்ந்தது. தொழில்முறை நடிகரோடு கூலியாட்களும் நடித்தனர். அதன் விளைவாக, தேசிய அன்றாடக் கூலியாள் அமைப்பின் துணையோடு, 2008இல் ‘தெயாத்ரோ ஹொர்னலேரோ சின் ஃபிரொன்தேராஸ்’, எல்லைகளற்ற கூலியாள் அரங்கு, தோன்றியது. இதில் நடிப்போர் கூலியாட்கள். அவர்கள் தேடிச் செல்லும் அவையினரும் வேலைக்காகத் தெருமுனையிலும் கூலியாள் மையத்திலும் காத்திருக்கும் தம் தோழர்களே.

இந்த அவை மாற்றமே முதன்மையானது என்று கருதுகிறேன். குடிமகனின்முன் சொல்லப்படும் கதை இரக்கத்தை வேண்டும். தோழன்முன் சொல்லப்படும் கதைக்கு இரக்கம் வேண்டியதில்லை. அவனுக்கு அது தெரிந்த கதை. ஆகவே சரியாகச் சொல்லப்படுகிறதா என்றே அவன் பார்ப்பான். கூலி கொடாத மேலாளைப் போல ஒருவன் நடந்து காட்டினால், அந்த நடை பொருந்தியதா எனத் தீர்ப்பளிக்க அங்கே ஐம்பது வல்லுநர்கள் நிற்கின்றனர். மேலும், என் கதையை மற்றொருவன் நடிக்கையில் அது என்னுடையதென எவரும் சுட்டமுடியாது. பொய் எண் கொண்ட அட்டையை விலைக்கு வாங்கியவன், ஊரில் மனைவியை விட்டு வந்து இங்கே வேறொருத்தியோடு வாழ்பவன், அனுப்பவேண்டிய பணத்தைக் குடித்தவன் ஆகியோரையும் மேடையில் கொண்டுவரலாம். சாட்சிக் கூண்டில் இவர்கள் தோற்றுவிடுவர். பஞ்சம் பிழைக்க எகிப்துக்குப் போன ஆபிரகாம் தன் மனைவியைச் சகோதரி என்று சொல்லியே எல்லை கடந்தான் (ஆதி. 12:10-20). குடியேற்ற அதிகாரியின் முன் அவன் வழக்கு நிற்குமா? திருமறை அதை மறைக்காமல் கதையாகச் சொல்கிறது.

இந்நாடகங்கள் யாவும் சிறந்தவை என்பதற்கில்லை. தொழிலாளர் உரிமையைக் கற்பிக்கும் பொருட்டு அமைந்தவற்றில் சில, துண்டறிக்கைக்கு வேடம் கட்டிய அளவிலேயே நின்றுவிடும். பாத்திரம் வாய் திறந்ததும் அறிவுரை வந்துவிழும். நம் வேதாகமப் பள்ளிகளின் கிறிஸ்துமஸ் நாடகங்களில் மூன்றாம் காட்சியில் குடிகாரத் தந்தை மனந்திரும்புவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இக்குறையைப் பொறுத்துக்கொள்ளுதல் எளிது. ஆனால் குறை குறைதான்.

இசை இவ்வகையில் நாடகத்தைவிட வலிமை வாய்ந்தது. மெக்சிகோ மக்களிடையே ‘கொரிடோ’ என்னும் கதைப்பாடல் மரபு உண்டு. நிகழ்ச்சி நடந்த ஆண்டையும் இடத்தையும் சொல்லித் தொடங்கி, விடைபெற்று முடிவது அதன் பொது இலக்கணம். பெரும்பாலும் பாடியவர் பெயர் மறைந்துவிடும். நம் சந்தைகளில் விற்ற கொலைச்சிந்துகளை நினைவுகொள்வோர்க்கு அதன் சாயல் விளங்கும். 1990களின் நடுவில் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே, கூலியாட்கள் கூடும் இடமொன்றைக் குடியேற்றத் துறையினர் சுற்றிவளைத்தனர். தப்பிய கூலியாள் ஒருவர் அதையே கொரிடோவாகக் கட்டினார். அப்பாட்டைச் சுற்றி உருவாயிற்று ‘லோஸ் ஹொர்னலேரோஸ் தெல் நோர்த்தே’, வடநாட்டுக் கூலியாட்கள், என்னும் இசைக்குழு. அவர்கள் பேரணிகளில் லாரித் தளத்தின்மீது நின்று பாடுகின்றனர். 2014இல் லாஸ் ஏஞ்சலிஸில் தடுப்புக்காவல் மனையின் சுவருக்கு வெளியே தெருவில் நின்று, உள்ளிருப்போர் கேட்கும்படி பாடினர். பவுலும் சீலாவும் சிறைக்குள்ளிருந்து பாடியதைக் குறித்து நாம் போதிக்கிறோம் (அப். 16:25), வெளியில் நின்று உள்நோக்கிப் பாடும் பணியைக் குறித்து யாரும் போதித்துக் கேட்டதில்லை.

கொரிடோவில் வரும் ‘நான்’ தனியொருவனுடையது அன்று. பாடுபவன் எவனாயினும் அந்த நான் அவனுடையதாகிவிடும். உபாகமத்தின் 26ஆம் அதிகாரத்தில், கானானில் பிறந்து, விளைநிலமும் வீடும் பெற்ற இஸ்ரவேலன் முதற்கனியைக் கூடையில் கொண்டுவந்து, அலைந்து திரிந்த தன் மூதாதையையும் எகிப்தின் ஒடுக்குமுறையையும் சொல்லும்போது, ‘எங்களை’ என்றே சொல்லவேண்டும் என்பது கட்டளை. அவன் எகிப்தைக் கண்டதில்லை. எனினும் அவ்வேடத்தை ஏற்றாலன்றிக் காணிக்கை நிறைவுறாது. இஸ்ரவேலின் பழைய விசுவாச அறிக்கை என இறையியலார் கருதிய பகுதி, குடியேறியின் பாத்திரத்தை ஏற்று நடிக்கும் ஒரு சடங்காக அமைந்திருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

பிறர் நமக்காகப் பாடுவதன் எல்லையையும் ஈண்டு கூறவேண்டும். 1948 சனவரி 28ஆம் நாள், மெக்சிகோத் தொழிலாளர் 28 பேரை நாடு கடத்த ஏற்றிச் சென்ற விமானம் கலிபோர்னியாவின் லாஸ் கட்டோஸ் பள்ளத்தாக்கில் விழுந்து 32 பேரும் மாண்டனர். அவர்களுள் ஒப்பந்தக் காலம் முடிந்தோரும் இருந்தனர், ஆவணமற்றோரும் இருந்தனர். விமானப் பணியாளர் முதலிய நால்வரின் பெயர்களைச் சொன்ன செய்திகள் மற்றவரை ‘நாடு கடத்தப்படுவோர்’ என்றதோடு நிறுத்தின. அதைக் கேட்டு வெகுண்ட உடி கத்ரி ஒரு பாடல் எழுதினார். பத்தாண்டளவில் மார்ட்டின் ஹாஃப்மன் இசையமைக்க, அது உலகெங்கும் பரவியது. மகத்தான பாடல் அது. ஆனால் மாண்டவரின் மெய்ப்பெயர் கத்ரிக்கும் தெரியாது. வழக்கிலுள்ள மெக்சிகோப் பெயர்கள் சிலவற்றையே அவர் இட்டுப் பாடினார். ஃபிரெஸ்னோ நகரக் கல்லறையில் 28 பேர் ஒரே குழியில் கிடந்தனர். 2013 செப்டம்பரில்தான் அவர்களுடைய மெய்ப்பெயர்களைத் தாங்கிய கல் அங்கே நாட்டப்பட்டது. உயிரோடிருப்பவன் முகமூடி கேட்கிறான். மாண்டவனோ தன் பெயரைக் கேட்கிறான். இவ்விரண்டு தேவைகளையும் ஒன்றெனக் குழப்புகிறவர்கள், உயிரோடிருப்பவனின் பெயரைத் துருவிக் கேட்டுவிட்டு, மாண்டவனின் பெயரை மறந்துவிடுகின்றனர்.

வேடமிட்டுச் சொல்வது பொய்யாகாதா என்று போதகர் சிலர் வினவலாம். 2 சாமுவேல் 14ஆம் அதிகாரத்தைக் காண்க. நாட்டைவிட்டு ஓடி அந்நிய மண்ணில் கிடந்த அப்சலோமைத் திரும்ப அழைக்குமாறு தாவீதை இணங்கச்செய்ய, யோவாப் தெக்கோவாவிலிருந்து ஞானமுள்ள ஒரு பெண்ணை வரவழைக்கிறான். துக்க உடை உடுத்தச் சொல்கிறான்; எண்ணெய் பூசாதே என்கிறான்; பேசவேண்டியதையும் கற்பிக்கிறான். ஒப்பனை, உடை, உரையாடல், இயக்குநர் என நாடகத்தின் உறுப்புகள் யாவும் இங்குள. அவளுக்கு இல்லாத இரு மைந்தரின் கதையைக் கேட்டு அரசன் தீர்ப்புரைக்கிறான்; அத்தீர்ப்பே அவன்மீது திரும்புகிறது. இதில் யோவாபின் கை உண்டோ என அரசன் கேட்க, அவள் மறுக்காமல் ஒப்புக்கொள்கிறாள். வேடம் கலைந்தபின்னும் தீர்ப்புக் கலையவில்லை. துரத்துண்டவன் தம்மைவிட்டு முற்றும் விலகிப்போகாதபடி கடவுள் வழிதேடுகிறார் என்னும் அரிய இறையியல் கூற்று வெளிப்பட்டது அந்த நடிகையின் வாயிலிருந்தே. அப்சலோம் பின்னர் என்ன செய்தான் என்பது நமக்குத் தெரியும். அதனால் அவள் சொன்னது பொய்த்துவிடாது.

அழைத்துவரப்பட்ட அப்சலோம் இரண்டாண்டு எருசலேமில் குடியிருந்தும் அரசன் முகத்தைக் காண அனுமதி பெறவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். சிறுவயதில் பெற்றோர் கைப்பிடித்து வந்து ஆவணமின்றி வளர்ந்தோர்க்கு 2012இல் அமெரிக்க அரசு தந்த சலுகையும் இவ்வகையினதே. வேலை செய்யலாம், நாடுகடத்தல் தள்ளிவைக்கப்படும், குடியுரிமையின் முகம் மட்டும் தென்படாது.

2025 சனவரியில், ஆலயம், பள்ளி முதலிய இடங்களில் குடியேற்றக் கைதுகளைத் தவிர்க்கும்படி அதுகாறும் இருந்த நெறிமுறையை அந்நாட்டு அரசு நீக்கிவிட்டது. சபைகள் சில வழக்குத் தொடுத்தன. அவ்வாண்டு ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸின் அதே கடைவாயில்களில், கூலியாள் அரங்கினர் தம் தோழரைக் கண்ட அதே வகை முனைகளில், கூட்டம் கூட்டமாகக் கைது நடந்தது. இந்நிலையில் ஆலய மேடைக்கு ஓர் ஏழையை அழைத்து உம் கதையைச் சொல்லும் என்பது, 1985இல் இருந்ததைவிடக் கொடிய கோரிக்கையாகிவிட்டது. அக்கதையைக் கேட்கும் விருப்பம் நமக்கு மெய்யாகவே உண்டெனில், நாம் ஏற்கவேண்டிய இடம் எது?

சான்டியாகோ நகருக்கும் மெக்சிகோவின் திஹுவானாவுக்கும் இடையில், கடலோரத்தில் எல்லை வேலி நிற்கும் இடத்தில், 1994 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக்கு முன் ஒரு வழிபாடு நடந்துவருகிறது. மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடியதைப் பாடி நடிக்கும் ‘போசாதா’ என்னும் மெக்சிகோச் சடங்கை வேலியின் இருபுறமும் நின்று செய்கின்றனர். எல்லை கடக்க முயன்று மாண்டோரின் பெயர்கள் வாசிக்கப்படும். ஒவ்வொரு பெயருக்கும் கூடியிருப்போர் ‘இங்கே இருக்கிறேன்’ எனப் பொருள்படும் சொல்லால் விடையளிப்பர். பின்பு பாட்டு தொடங்கும். இடம் கேட்கும் வழிப்போக்கரின் பங்கைத் திஹுவானாப் பக்கத்தார் பாடுவர். கதவடைக்கும் சத்திரக்காரனின் பங்கு வடபுறத்தில் நிற்கும் அமெரிக்கச் சபையாரின் பங்கு. ஆயர்களும் அருட்சகோதரிகளும் ஞாயிறுப்பள்ளிப் பிள்ளைகளும், இடமில்லை, அப்பால் போ என்று வேலியைப் பார்த்துப் பாடுகின்றனர். வீடுகளில் நடக்கும் போசாதாவில் இறுதிச் சுற்றில் கதவு திறக்கும். அனைவரும் உள்ளே சென்று விருந்துண்பர். இங்கே இறுதிச் சுற்றையும் பாடுகின்றனர். வேலி நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிற்காலத்தில் அதன் பின்னால் இரண்டாவது வேலியும் எழுந்துவிட்டதால், வடபுறத்தார் இன்னும் உரத்துப் பாடவேண்டியிருக்கிறது.